வாங்க மறுத்தார்

தபால்காரர் மாரிச்சாமியை இன்னும் காணோம். சீனியம்மாள் அதே போர்வையை மறுபடியும் வாளியில் முக்கி எடுத்தாள். அதில் அழுக்கென்று ஏதாவது இருந்திருந்தால் அது எப்போதோ சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இப்போது அவள் கழுவிக்கொண்டிருப்பது சாயத்தை. கழுவட்டும். மொட்டை மாடியில் இவ்வளவு நேரம் நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. சும்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தால் எதிர்வீட்டு ஜன்னல் கேட்கும், என்ன சீனி, யாரைத் தேடுதே என்று. என்ன பதில் சொல்வது. ஒரு கடிதத்தைத் தேடுகிறாள். அனுப்பியது அவள், வந்து சேர வேண்டியது அவள் வீட்டுக்கு, ஆனால் கடிதம் அவளுக்கில்லை. கீழ்வீட்டில் பதினெட்டு வருஷமாக வாடகைக்குக் குடியிருக்கிற திரவியம் அண்ணாச்சிக்கு. ஆடி மாதக் கடைசியோடு வாடகை ஏற்பாடு முடிகிறது, ஆவணி பிறக்கும்போது வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்று வக்கீல் ஜெசிந்தா எழுதிய நோட்டீஸ். அண்ணாச்சி கைநீட்டி வாங்கினாலும் சரி. வாங்க மாட்டேன் என்று தபால்காரர் முகத்துக்கு நேரே சொன்னாலும் சரி, சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான், வாங்கியது வாங்கியதுதான். ஆள் இல்லாமல் மட்டும் போய்விடக் கூடாது. பூட்டிய கதவு எதையும் வாங்காது, எதையும் மறுக்காது. ஏற்கெனவே வைகாசியில் ஒரு தடவை, ஆனியில் ஒரு தடவை பூட்டிய கதவில் முட்டித் திரும்பியாயிற்று. இன்றைக்கும் திரும்பினால் ஆடி கையை விட்டுப் போகும். பிறகு புதுக் கணக்கு, புது நோட்டீஸ், அதற்குள் அவருக்குப் புதிதாக ஒரு சாக்கு முளைத்திருக்கும். முளைக்க என்ன, முளைத்தேவிட்டது. கனகராசு இந்த வீட்டை எனக்கே தாரேன்னு வாய்வார்த்தை சொல்லியிருந்தான் என்று போன மாதம் யாரிடமோ சொன்னாராம். செத்துப்போன புருஷனா எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போகிறான். அதைக் கேட்ட அன்றைக்கு இராத்திரி சீனியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

கீழே கூட்டம் தொடங்கிவிட்டது. தெரு நலச் சங்கத்தின் மாதக் கூட்டம், தலைவர் வீட்டு முன்னறையில். தலைவர் வேறு யார், அண்ணாச்சிதான். தலைவர் வீடு என்றுதான் தெருவே சொல்கிறது. நகையை விற்று, மணல் சலித்து, செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக் கட்டியவள் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வேகிறாள், வீட்டுக்குப் பெயர் தலைவர் வீடு. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று முதன்முதலில் சொன்னவன் கண்டிப்பாகக் கோவில்பட்டிக்காரனாகத்தான் இருப்பான். ஆடிக் காற்று கொஞ்சம் அடங்கும்போது அண்ணாச்சியின் குரல் படிவழியே ஏறி வருகிறது, காற்று எழுந்தால் பாதிச் சொல்லில் அறுந்து போகிறது. குழாய்த் தண்ணி விசயத்துல நான் ஒண்ணு சொல்லுதேன், என்றது குரல். பிறகு கொடியில் கிடந்த சேலை படபடவென்று அடித்துக்கொண்டது. சொல்லுங்கள் அண்ணாச்சி, நன்றாகச் சொல்லுங்கள். குழாயைப் பற்றிச் சொல்லுங்கள், கொசுவைப் பற்றிச் சொல்லுங்கள், எழுந்து மட்டும் போய்விடாதீர்கள். மாரிச்சாமி வருகிறவரைக்கும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருங்கள். இவள் நாளைப் பார்த்துத்தான் தபாலில் சேர்த்திருக்கிறாள். வக்கீலம்மா போன வாரமே அனுப்பிவிடுவதாகச் சொன்னபோது, வேண்டாம்மா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேர்ப்போம், சனிக்கிழமை காலையில அவுக வீட்டுல கூட்டம் என்றாள். உள்ளூர்த் தபால் மறுநாள் காலையில் வந்துவிடும். நடுக்கூட்டத்தில் தலைவர் எழுந்து பின்வாசல் வழியாக ஓட முடியுமா. அதோடு இன்னொன்று. இவளுக்கே தாமதமாகத்தான் உறைத்தது, உறைத்ததும் தனியாகச் சிரித்தாள். வைகாசியிலும் ஆனியிலும் அண்ணாச்சிக்குத் துப்புக் கொடுத்தது தெருமுனை டீக்கடை முத்தையா. மாரிச்சாமி தினமும் அங்கேதான் பையை இறக்கி வைத்து டீ குடிப்பார். நம்ம தெருவுக்கு என்னவே வந்துருக்கு என்று முத்தையா பையை எட்டிப் பார்ப்பான், அடுத்த நிமிஷம் அண்ணாச்சியின் செல்போன் அடிக்கும், அதற்கடுத்த நிமிஷம் வீடு பூட்டிக் கிடக்கும், அண்ணாச்சி கயத்தாற்றில் தங்கை வீட்டில் இருப்பார். தபாலாபீஸில் ஒரு வாரம் வைத்திருந்து திருப்பி அனுப்புகிறவரைக்கும் அங்கேயே இருப்பார். இன்றைக்கு முத்தையா எங்கே? சங்கத்துக்குப் பொருளாளர் அல்லவா, கீழே முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். டீக்கடைத் தட்டி சாத்தியிருக்கிறது. சாமி இருக்கிறது.

சாமி இருக்கிறது என்று நினைத்த மறுவிநாடியே அடுத்த சந்தேகம் வந்தது. மாரிச்சாமி இன்றைக்கு லீவாக இருந்தால்? டீ கிடைக்காத கோபத்தில் அடுத்த தெருவை முதலில் முடித்துக்கொண்டு மெதுவாக வந்தால்? அதற்குள் கூட்டம் முடிந்து, வடை தின்று, எல்லாரும் கலைந்து, அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால்? எதற்குத்தான் பயப்படுவது என்று ஒரு வரைமுறை வேண்டாமா. அவள் சமைக்கிற சத்துணவுக் கூடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு அண்டா பொங்கும்போதுகூட அவள் பதறியதில்லை. இங்கே ஒரு உறைக்குள் கிடக்கிற ஒரு தாளுக்குப் பதறுகிறாள். சோப்பு, விரல் வெடிப்பில் ஏறிச் சுரீரென்றது. போர்வையை முறுக்கினாள். தண்ணீர் முழங்கை வழியாக ஓடி ஜாக்கெட்டுக்குள் போனது. எப்படிப் பார்த்தாலும் இந்தப் பயம் அந்த மனிதருக்காக இல்லை. அவருக்கு எட்டயபுரம் சாலையில் சொந்த வீடு இருக்கிறது, மாடியும் கீழுமாக. நல்ல வாடகைக்கு விட்டிருக்கிறார். அதில் இரண்டு குடித்தனத்தை ஒரே மாதத்தில் காலி செய்ய வைத்த கதையை இதே முன்னறையில் உட்கார்ந்து அவரே சொல்லியிருக்கிறார், வீட்டுக்காரன் இரக்கப்பட்டாக் குடித்தனக்காரன் ஏறி உக்காந்துருவான் தங்கச்சி என்று. ஏறி உட்கார்ந்திருக்கிறவர் சொன்னார், ஏறவிட்டவள் தலையாட்டினாள். இப்போது நினைத்தாலும் அந்தத் தலையாட்டலுக்காகத் தன்னையே ஒரு போடு போடலாம் போலிருக்கிறது.

ஏறவிட்டது அவளா, கனகராசுவா? இரண்டு பேரும்தான். பால் காய்ச்சிய அன்றைக்கு அடுப்பைக் கிழக்குப் பார்த்து வைத்து, புதுப் பித்தளைப் பாத்திரத்தில் பால் பொங்கி வழிந்தது, எல்லாரும் பொங்கிருச்சு பொங்கிருச்சு என்றார்கள். அந்த அடுப்பில் சீனியம்மாள் செய்த முதல் காரியமும் கடைசிக் காரியமும் அதுதான். மறுவாரம் அண்ணாச்சி வந்து நின்றார். கனகராசுவுக்கு மில்லில் வேலை போக இருந்தபோது முதலாளியிடம் பேசி நிறுத்தி வைத்தவர், பேச்சிலேயே ஆயிரம் பேரைக் கட்டி மேய்க்கிறவர். எங்க வீட்டுல மராமத்து வேலை நடக்குடே, ஆறு மாசம் உன் வீட்டுல இருந்துக்கிடுதேன், நீ மேல ஒரு கொட்டகை போட்டுக்கிடு, வாடகைக்கு வாடகையும் ஆச்சு. ஆறு மாசம் என்பது எத்தனை ஆறு மாசம் என்று யாரும் கேட்கவில்லை. கொட்டகை போட்டார்கள். வெயில் காலத்தில் கூரை இறங்கி வந்து நெற்றியில் உட்காரும், மழைக்காலத்தில் உள்ளே ஒரு வாளி, ஓரத்தில் ஒரு சட்டி. கனகராசு காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஏ புள்ள, நம்ம வீட்டுத் தரை எப்படி இருக்கும், சில்லுன்னு இருக்குமோ என்று கேட்டான். மொசைக் தரை. அவள் ஆசைப்பட்டுக் கேட்டு, கறுப்பும் வெள்ளையும் பச்சையுமாகக் கல் கலந்து போட்டது. அதில் ஒரு நாள் பகலில் பாயில்லாமல் படுத்திருக்கிறாளா? இல்லை. அவள் வீட்டுத் தரை சில்லென்று இருக்குமா என்று அவளுக்குத் தெரியாது. அதை நினைத்துக் காறித் துப்பினாள், கைப்பிடிச் சுவரைத் தாண்டித் துப்பாமல் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் நல்லவர். அதுதானே இழவு. கெட்டவராக இருந்தால் என்றைக்கோ நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி வாடகையைத் தட்டில் வைத்து, கூட இரண்டு வாழைப்பழம், ஒரு முழம் பூ, ஏறமாட்டாமல் ஏறி மேலே வந்து கொடுத்துவிட்டுப் போவார். கனகராசு போனபோது இனி அவளுக்குப் பூக் கொடுக்கக் கூடாதே என்று பூவை மட்டும் நிறுத்தினார், பழத்தை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கார் பிடித்தது அவர், பாடையின் முன்பக்கம் பிடித்தது அவர், பதினாறு கழிகிறவரைக்கும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னது அவர். அந்த மனுசரை வெளியே போங்கள் என்றால் தெரு என்ன சொல்லும்? நன்றி கெட்டவள் என்று சொல்லும். சொல்லட்டும் என்று பகலில் தோன்றும், இராத்திரியில் தோன்றாது. அப்படியும் துணிந்து கேட்கப் போயிருக்கிறாள், ஒரு தடவையா இரண்டு தடவையா. கீழே போய் வாசலில் நின்றதும் வா தங்கச்சி வா என்பார். மதினி சென்னையில் மகன் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்கிறாள் என்பதால் அவரே அடுப்பைப் பற்றவைத்து, அவரே டிக்காஷன் இறக்கி, அவரே சீனி போட்டுக் கலக்கி, டம்ளரைச் சேலைத் தலைப்பால் பிடிச்சுக்கிடு, சூடு என்று நீட்டுவார். அவளுடைய அடுப்பு, அவளுடைய மேடை, அவள் விருந்தாளி. அண்ணாச்சி, தப்பா நினைக்காதீக என்று தொடங்குவாள். உன்னைப் போய்த் தப்பா நினைப்பனா என்பார். அதற்குமேல் அவளுக்குச் சொல் வராது. வருகிற சொல் எல்லாம் கொதிக்கிற காப்பியோடு உள்ளே போய்விடும். வீட்டைக் கேட்கப் போனவள் காப்பி குடித்துவிட்டு மாடி ஏறுவாள், ஒவ்வொரு தடவையும். நல்ல காப்பி வேறு.

அதனால்தான் வக்கீலிடம் போனாள். தன் வாயால் சொல்ல முடியாததை யாராவது எழுதிச் சொல்லட்டும் என்று. வக்கீல் ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி, ஆபீஸ் இங்கே கோவில்பட்டியில், சின்ன வயசு, பேசும்போது பேனாவால் மேஜையைத் தட்டுவாள். வாடகை எந்த மாசத்துக் கணக்கு, இங்கிலீஷ் மாசமா தமிழ் மாசமா என்றுதான் முதலில் கேட்டாள். தமிழ் மாசம்மா, ஒண்ணாந்தேதி தட்டுல வச்சுக் குடுப்பாக. அப்ப நோட்டீஸ் தமிழ் மாசக் கடைசியோட முடியணும்மா, பிசகினா அவங்க வக்கீல் அதையே பிடிச்சுத் தொங்குவார். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. பூட்டுன வீட்டுக்குப் போன தபாலை வச்சும் வாதாடலாம்மா, ஆனா இழுத்துக்கிட்டே போவாங்க, உங்க காலம் போயிரும். அவர் கையில குடுக்கணும், இல்ல அவர் மறுக்கணும். மறுத்தாப் போதுமா என்று சீனியம்மாள் கேட்டாள். போதும்மா, தபால்காரர் 'வாங்க மறுத்தார்'னு உறை மேல எழுதித் திருப்பிட்டா, வாங்கினதாத்தான் கோர்ட்டு எடுத்துக்கும். அதைக் கேட்டு சீனியம்மாள் சிரித்தாள். ஏன் சிரிக்கிறீங்க என்றாள் வக்கீலம்மா. ஒண்ணுமில்லம்மா என்றாள். என்னவென்று சொல்வது. இந்தத் தெருவில் யாருக்கு என்ன வழக்கென்றாலும் அண்ணாச்சி சொல்கிற முதல் புத்தி, கடுதாசி எதுவந்தாலும் கைநீட்டி வாங்காதே, தொடாத வரைக்கும் உன்னை எதுவும் தொடாது என்பதுதான். அவர் பஞ்சாயத்துப் பேசும்போது நடுவில் தாம்பாளத்தில் வெற்றிலை வைத்திருப்பார். வெற்றிலையை எடுத்தவன் தீர்ப்புக்குச் சம்மதித்தவன், எடுக்காதவனை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வாழ்நாளெல்லாம் அப்படியே தீர்ப்புச் சொல்லிச் சொல்லி, உலகமே அவருடைய வெற்றிலைத் தாம்பாளம் என்று நினைத்திருக்கிறார். வாங்காதது செல்லாது. அந்த மனுசனை நாலு பேருக்கு நடுவில் உட்கார வைத்து நோட்டீஸை நீட்டினால் அவர் ஓடமாட்டார், ஒளியமாட்டார், மார்பை நிமிர்த்தி மறுப்பார். இவளுக்கு அது தன் உள்ளங்கையைப் போலத் தெரியும். நாலு பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. இல்லை, பொய். கொஞ்சம் நினைத்தாள்.

சைக்கிள் மணி. தெருமுனையில் சாத்திய டீக்கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாரிச்சாமி திரும்பினார். சீனியம்மாள் போர்வையை அப்படியே கல்லில் போட்டாள். முதல் வீடு, ஏதோ புத்தகம். மூன்றாவது வீடு, ஆதார் அட்டையோ என்னவோ, அந்தப் பெண் வாங்கிப் பிரித்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், அடியே உள்ளே போய்ப் பாரேன். சைக்கிள் வந்தது, வந்தது, வாசலில் நின்றது. காற்றே, கொஞ்ச நேரம் நில்லேன், இந்த ஒரு தடவை. காற்று நிற்கவில்லை. அவள் படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்து சுவரோடு காதை வைத்தாள். நெஞ்சு அடிக்கிற சத்தத்தில் கீழே பேசுவது கேட்காமல் போய்விடுமோ என்றுகூடப் பயந்தாள்.

"அண்ணாச்சி, ரிஜிஸ்தர் தபால் வந்துருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

"யார்ட்ட இருந்துவே?"

"வக்கீல் ஜெசிந்தான்னு போட்டுருக்கு."

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. முத்தையாவாக இருக்கும், எழுந்து கண்ணைக் காட்டுகிறான், அண்ணாச்சி, உள்ள போயிருங்க, நான் நீங்க ஊர்ல இல்லன்னு சொல்லிருதேன் என்று. இத்தனை பேர் நடுவிலேயா? இருந்தாலும் முத்தையா செய்வான். போகாதீங்க அண்ணாச்சி. பதினெட்டு வருஷமும் அந்த ஒரு நாற்காலிச் சத்தத்தில் வந்து நின்றது. ஒன்று அவர் எழுந்து உள்ளே போவார், அவள் செத்த பிறகும் இந்தக் கூரைக்கடியிலிருந்துதான் தூக்கிப் போவார்கள். அல்லது அவர் வாயைத் திறப்பார். திறங்கள். நீங்கள் வாயை மூடி இருந்ததாகச் சரித்திரம் உண்டா.

"இந்தா பாரும் மாரிச்சாமி," என்றது குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்தில் பேசுகிற அதே தோரணையில். "இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். மேல இருக்குத தங்கச்சி யார் பேச்சையோ கேட்டு அனுப்பிருக்கு. நான் இத வாங்க மாட்டேன்."

"வாங்க மாட்டேன்னா, அப்படியே எழுதித் திருப்பிரணும் அண்ணாச்சி."

"எழுதும். வாங்க மறுத்தார்னு எழுதும். நல்லாப் பெருசா எழுதும். இங்க இருக்குத அம்புட்டுப் பேரும் சாட்சி, நான் இதத் தொடல. விரல் நுனி படல. என்னவே முத்தையா?"

"படல அண்ணாச்சி," என்றான் முத்தையா.

"தொட்டாத்தான ஒட்டும்," என்றார் அண்ணாச்சி. கூட்டம் சிரித்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள். சீனியம்மாள் வாய்க்குள் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டாள். எழுதினார், எழுதுகிறார், மாரிச்சாமி எழுதுகிறார், பேனா எழுதவில்லை என்று உதறுகிறார் போலிருக்கிறது, யாரோ பேனா கொடுக்கிறார்கள், யார் கொடுத்தது, அண்ணாச்சியே கொடுத்தாரா? அண்ணாச்சியேதான், வச்சுக்கிடும் இந்தப் பேனா நல்லா எழுதும் என்கிறார். ஐயோ சாமி. அவளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேலே ஏறி நின்று கூவ வேண்டும் போலிருந்தது. கனகராசு, கேட்டியா, உன் முதலாளியிடம் பேசி வேலையைக் காப்பாற்றிய வாய் இன்றைக்கு எனக்காகவும் பேசியது, சாட்சியோடு பேசியது. முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். கொடியில் தொங்கிய சேலை முகத்தில் அறைந்தது, அறையட்டும் என்று விட்டாள். முன்னறையில் கட்டிலைப் போடக் கூடாது, தரை தெரிய வேண்டும். அடுப்படியில் அவர் அடித்த ஆணியெல்லாம் பிடுங்க வேண்டும். பாய்கூட வேண்டாம், முதல் நாள் வெறும் தரை. ஆனால் சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு முள், சின்னது, எங்கே என்று தேடினாள். கண்டுபிடித்தாள். கடிதம் சொல்லிவிட்டது, தபால்காரர் எழுதிவிட்டார், கோர்ட்டு ஏற்றுக்கொள்ளும். எல்லாரும் சொன்னார்கள், அவள் சொல்லவில்லை. நாளைக்கு அவர் படியேறி வந்து வா தங்கச்சி காப்பி குடிக்க என்றால் என்ன செய்வாள்? போய்க் குடிப்பாளோ? குடித்தால் ஆவணி வந்தும் அவர் போகமாட்டார், அவளும் கோர்ட்டுக்குப் போகமாட்டாள். அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாதா.

நாளை வரைக்கும் அவர் காத்திருக்கவில்லை. சைக்கிள் தெருவைத் தாண்டுவதற்குள் படியில் செருப்புச் சத்தம். ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு. அவள் போர்வையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள், எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அண்ணாச்சி வந்து துவைகல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியில் சோப்புத் தண்ணீர் பட்டதை அவர் பார்க்கவில்லை. முகத்தில் கோபம் இல்லை. ஜெயித்தவருக்கு எதற்குக் கோபம்.

"தங்கச்சி, உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது பாத்துக்கோ. சின்னப் பிள்ளைங்க தப்புப் பண்ணத்தான் செய்யும். அந்தக் கடுதாசிய நான் வாங்கல. திருப்பி அனுப்பிட்டேன். அதனால ஒண்ணுமே நடக்கல, நீயும் நானும் முந்தி மாதிரியேதான். கீழ வா. வடை இருக்கு, காப்பி போடுதேன்."

அம்பத்தோரு வயசில் சின்னப் பிள்ளை. தப்பா நினைக்காதீக அண்ணாச்சி என்று நாக்கு தானாகவே புறப்பட்டது, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதை விழுங்கினாள். அது போன இடத்தில் வேறு சொல் எதுவும் இல்லை, வெறும் இடம், பயமாக இருந்தது, கோவிலில் சாமி கும்பிடப் போய்க் கண்ணை மூடியதும் வேண்டுதல் மறந்துபோகிற மாதிரி. காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மறுபடியும் போய்க் குடித்துவிடுவாள் என்று தோன்றியதால் அவள் பேசினாள்.

"காப்பி வேண்டாம் அண்ணாச்சி. எனக்கு வீடு வேணும். ஆவணி பொறந்ததும் காலி பண்ணிருங்க."

சொல்லிவிட்டாள். இவ்வளவுதானா அது? பத்துச் சொல் இருக்குமா, இதற்காகவா பதினெட்டு வருஷம். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் சிரிப்பு தனியாக நின்றது.

"அதான் வாங்கலைல தாயி. தொடாத கடுதாசி எப்படிச் செல்லும்?"

"செல்லும் அண்ணாச்சி. வாங்க மாட்டேன்னு ஆள் இருந்து சொன்னா, வாங்குன கணக்குத்தான். அப்படித்தான் சட்டமாம். ஆள் இல்லன்னாத்தான் இழுபறி." அவள் குரல் நடுங்கவில்லை. அவளே அதைக் கவனித்தாள்.

அண்ணாச்சி எதையோ கணக்குப் போடுகிறவர் போலக் கைவிரலைப் பார்த்தார், கடிதத்தில் படாத விரல். கீழே முன்னறையில் யாரோ வடைத் தட்டை நகர்த்தினார்கள். நாலு பேர் பார்த்திருக்கிறார்கள், அவரே பார்க்கச் சொன்னார். ஊருக்கெல்லாம் வழக்குத் தீர்த்தவருக்கு இது புரிய அதிக நேரம் ஆகவில்லை, அந்த மட்டும் அவர் கெட்டிக்காரர்தான்.

"ஆடி மாசத்துல நான் எங்க போயி வீடு பாப்பேன்?" என்றார்.

"ஆடில யாரு போகச் சொன்னா? ஆவணில போங்க. எட்டயபுரம் ரோட்டுல உங்க வீடு இருக்கு, அதுல இருக்குதவுகளுக்கு எப்படிச் சொல்லணும்னு உங்களுக்குத் தெரியும்."

திரவியம் அண்ணாச்சி பேசாமல் உட்கார்ந்திருப்பதை அவள் முதன்முதலாகப் பார்த்தாள், பாவமாக இருக்கும் என்று நினைத்தாள், அப்படி ஒன்றும் பாவமாக இல்லை. வேட்டியில் ஈரம் ஏறியது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது போல, எழுந்து பின்னால் தட்டிக்கொண்டார். பிறகு, ஊர் அவரிடம் வந்து கேட்கிற அதே குரலில், அவளிடம் கேட்டார்.

"அப்ப நான் என்னதான் செஞ்சிருக்கணும், சொல்லு."

"நான் மொதத் தடவ கேக்க வந்தப்ப, காப்பி போடாமப் பதில் சொல்லிருக்கணும்," என்றாள் சீனியம்மாள்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஏறும்போது இருந்த மூச்சுச் சத்தம் இறங்கும்போது இல்லை. அவள் படிக்கட்டின் தலைமாட்டில் வந்து நின்றாள், ஒளிந்து நிற்கவில்லை, நன்றாகத் தெரியும்படி நின்றாள். நெஞ்சு இப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் இது வேறு அடி, சின்ன வயதில் நீச்சல் பழகி முதல்தடவை கிணற்றின் மறுகரையைத் தொட்டபோது அடித்தது. கீழே என்ன அண்ணாச்சி, தங்கச்சி என்ன சொல்லுது என்று முத்தையா கேட்டான். ஏதாவது சொல்லிச் சமாளிப்பார், பொம்பளைக்குப் புத்தி சொல்லிட்டு வந்தேன் என்பார், சொல்லட்டும், சொன்னால் இவளே கீழே இறங்கிப் போய் மறுபடியும் சொல்வாள், இப்போது அவளுக்கு அந்தச் சொல் வரும், எத்தனை தடவை வேண்டுமானாலும் வரும். நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணாச்சி உட்கார்ந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமவில்லை.

"ஆவணில வீட்டுக்காரம்மா கீழ வாராக," என்றார். "அடுத்த மாசக் கூட்டத்துக்கு வேற எடம் பாத்துக்கிடுங்க."

மேல்படியில் நின்ற சீனியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றிலிருந்து வந்தது, தலைப்பைத் தேடிய கையைக் கீழே இறக்கிவிட்டுச் சத்தமாகவே சிரித்தாள்.